கோடையில் உறங்கும் தோட்டம்

ஜாக்குலின் டிர்விட்டின் பெயரை நான் முதலில் பார்த்தது ஒரு முன்னுரைப் பக்கத்தில். மதுரை, தஞ்சாவூர் நகர அமைப்பு பற்றிய ஆய்வுக்காகப் பேட்ரிக் கெடஸ் 1915-ல் சென்னை மாகாணத்து ஊர்களைப் பற்றி எழுதிய அறிக்கைகளைத் தேடிக்கொண்டிருந்தேன். மூல அறிக்கைகள் எளிதில் கிடைப்பதில்லை. 1947-ல் வந்த ஒரு தொகுப்பு வழியாகத்தான் பலரும் கெடஸின் இந்திய எழுத்தைப் படித்திருக்கிறோம். தொகுத்தவர் டிர்விட். என் அடிக்குறிப்புகளில் நான் கெடஸை மட்டும்தான் எழுதினேன்.

அவருக்கு இது பழகிய இடம்தான். 1905-ல் தென்னாப்பிரிக்காவில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்தவர். இளமையில் தோட்டக்கலை பயின்று, பிறகு நகரத் திட்டமிடலுக்கு வந்தவர். 1954-ல் டெல்லியில் ஐ.நா. நடத்திய வீட்டுவசதிக் கருத்தரங்கை முன்னின்று நடத்தினார். ஹார்வர்டில் கற்பித்தார். கீடியன், டாக்ஸியாடிஸ் போன்ற ஆண்களின் எழுத்தைத் திருத்தினார், மொழிபெயர்த்தார், பதிப்பித்தார். பெரிய பெயர்களுக்குப் பின்னால் ஓயாமல் உழைத்த கை அது.

அவர் பெயரை மட்டும் தாங்கி என் அலமாரியில் இருப்பது ஒரே ஒரு நூல். அது நகரங்களைப் பற்றியதல்ல. ஏதென்ஸுக்கு அருகே, பியானியா ஊரையொட்டிய ஸ்பரோஸா குன்றில் 1960களிலிருந்து அவர் போட்ட தோட்டத்தைப் பற்றியது. அவர் இறந்து பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1998-ல் அச்சானது. தோட்டம் என்றவுடன் ஓய்வுக்காலப் பொழுதுபோக்கு என்று நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அதில்தான் அவருடைய வாதம் தெரிகிறது.

அட்டிகா பகுதியில் ஆண்டு மழை ஏறத்தாழ 400 மில்லிமீட்டர். மதுரையில் பெய்வதில் பாதி அளவு. அதுவும் பெரும்பாலும் அக்டோபர் முதல் மார்ச் வரைதான். கோடையில் மாதக்கணக்கில் மழை எட்டிப் பார்க்காது. மண்ணோ சுண்ணாம்புப் பாறைமேல் படிந்த மெல்லிய போர்வை. அங்கே இங்கிலாந்துப் புல்தரையை விரித்தால், கோடை முழுக்கக் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். யார் நிற்பது என்பதும் ஒரு கேள்வி.

அந்த மண்ணுக்கான வழி வேறு. ஆலிவ், ரோஸ்மேரி, லாவெண்டர், தைம், சிஸ்டஸ் என்று வறட்சியைத் தாங்கும் செடிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சாம்பல் நிறமும் மென்மயிரும் உள்ள இலைகள் வெயிலைத் திருப்பி அனுப்புகின்றன. சிறிய, தோல் போன்ற இலைகள் நீரைக் குறைவாகவே இழக்கின்றன. சிறு செடியாக வாங்கி முதல் மழைக்குப் பின் நட்டால், குளிர்காலம் முழுவதும் வேர் கீழே இறங்கும். நம் ஐப்பசி மழைக்கணக்கு அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. முதல் ஓரிரு கோடைகளில் மட்டும் எப்போதாவது, ஆனால் ஆழமாக நீர் விட வேண்டும். தினம் தெளித்தால் வேர் மேலேயே தங்கிவிடும். வேரடியைச் சரளைக்கல்லால் மூடினால் ஈரம் தங்கும்.

அதைவிடக் கடினம், கோடையில் தோட்டம் பழுப்பாகக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது. அங்கே செடிகளின் உறக்கக் காலம் கோடைதான். மரக்கள்ளி போன்ற அந்த ஊர் யூஃபோர்பியா ஒன்று இலைகளை மொத்தமாக உதிர்த்துவிடும். பச்சையாக இல்லையே என்று பதறி நீரூற்றினால், உறங்கும் கிழங்குகள் அழுகும். எப்போதும் பூத்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பைச் செடியிடமிருந்து எடுத்துவிட்ட தோட்டம் இது. பிறர் பிரதிகளோடு காலமெல்லாம் உழைத்த ஒரு பெண் இதை விரும்பியது எனக்கு வியப்பாக இல்லை. இது என் ஊகம்தான். அவர் அப்படி எழுதவில்லை.

1983-ல் அவர் இறந்தபின் வீடு ஓர் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போனது. 1994-ல் மத்தியதரைக்கடல் தோட்டச் சங்கம் அங்கேதான் தலைமையகம் அமைத்தது. சாலி ரஸெலு என்ற இன்னொரு பெண் பல ஆண்டுகள் அதைப் பராமரித்தார்.

கிரேக்கக் குன்றுகளில் கோடை முடியும் தறுவாயில், ஒரு துளி மழையும் விழாத தரையிலிருந்து, இலையே இல்லாமல் ஒரு வெள்ளைப் பூத்தண்டு எழும்பும். கடல் நரிவெங்காயம். நம் கரட்டு நிலங்களில் முளைக்கும் நரிவெங்காயத்தின் உறவுக்காரி. இலை மழைக்குப் பிறகுதான் வரும்.