வழிபாட்டுக்கு உரியவர் யார்? நிசேயாவும் கிறித்தவத்தின் ஒருகடவுட் கொள்கையும்

தந்தை, மகன், தூய ஆவி என மூவரைச் சொல்லிவிட்டுக் கடவுள் ஒருவரே என்பது முரண்பாடு என யூத அறிஞர்களும் இசுலாமிய அறிஞர்களும் பல நூற்றாண்டுகளாகக் கூறி வருகின்றனர். மறுப்பு நேர்மையானது, நேர்மையான விடை அதற்கு வேண்டும். எண்ணிக்கையிலிருந்து தொடங்குவோர் இவ்வினாவில் சிக்கிக்கொள்கின்றனர். வழிபாட்டிலிருந்து தொடங்கினால் விடை தெளியும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இயேசுவின் முதல் சீடர்கள் யூதர்கள். ஆண்டவர் ஒருவரே என்னும் அறிக்கையை (இணைச்சட்டம் 6:4) இயேசுவே முதன்மையான கட்டளையாக எடுத்துரைத்ததாக மாற்கு (12:29) பதிவுசெய்கிறார். ஆயினும் கி.பி. 50களில் கொரிந்தியருக்கு எழுதிய பவுல் (1 கொரி. 8:6), அதே அறிக்கையின் சாயலில் தந்தையாகிய ஒரே கடவுளையும் ஒரே ஆண்டவராகிய இயேசுவையும் அருகருகே வைக்கிறார். ஏறத்தாழ கி.பி. 112இல் ஆளுநர் பிளினி, கிறித்தவர்கள் விடியுமுன் கூடிக் கிறித்துவைக் கடவுளாகப் பாடுவதாகப் பேரரசர் திராயானுக்குத் தெரிவித்தார். கோட்பாடு உருப்பெறுமுன்பே வழிபாடு வேரூன்றிவிட்டது.

இந்த வழிபாட்டுக்கு நியாயம் என்ன? மகன் படைப்புகளுள் தலையாயவர், எனினும் படைக்கப்பட்டவரே என்றார் அலெக்சாந்திரியாவின் குரு ஆரியுஸ். கடவுளின் ஒருமையை இது காப்பதுபோல் தோன்றும். 325இல் கூடிய நிசேயா சங்கம் இதை மறுத்து, மகன் தந்தையோடு ஒரே இயல்பினர் என அறிக்கையிட்டது. அம்முடிவுக்காக வாதாடி ஐந்து முறை நாடு கடத்தப்பட்ட அத்தனாசியுஸ் சிக்கலின் மையத்தைத் தொட்டார்: மகன் படைப்பு என்றால் அவரை வணங்குவோர் படைப்பை வணங்குகின்றனர். ஆரியுஸின் வழியில் வழிபாடு தொடருமானால், பெருங்கடவுள் ஒருவரும் சிறுகடவுள் ஒருவரும் மிஞ்சுவர். ஒருகடவுட் கொள்கையில் உறுதியாக நின்றது நிசேயாவே.

ஒரே இயல்புடைய மூவர் மூன்று கடவுளர் ஆகாரோ? பேதுருவும் யாக்கோபும் யோவானும் ஒரே மனித இயல்பினர். ஆயினும் மூன்று மனிதர்தாமே? நிசாவின் கிரகோரி இந்த வினாவை அப்லாபியுசுக்கு எழுதிய நூலில் நேரடியாக எதிர்கொண்டார். மனிதர் மூவர் தனித்தனியே செயல்படுவர்; கடவுளின் ஒவ்வொரு செயலும் தந்தையிடம் தோன்றி, மகன் வழியாக நடந்து, ஆவியில் நிறைவுறும் ஒரே செயல் என்பது அவர் விடை. செயல் ஒன்று, விருப்பம் ஒன்று. ஆகவே கடவுள் ஒருவர். இறையியலாளர் யூர்கன் மோல்ட்மன் 1980இல் வெளியிட்ட நூல் முதலாக வலுப்பெற்ற, மூவரைத் தோழமைச் சமூகமாகக் காணும் சிந்தனை இந்த இடத்தில்தான் தளர்கிறது. தோழமை என்றால் தனித்தனி விருப்பங்கள் மூன்று என்றாகிவிடுவதால், அங்கே மறுப்பாளரின் வாதத்துக்கு வலு கூடிவிடுகிறது.

மகன் படைப்பல்ல, கடவுளே என்பதுதான் தனிமனித நம்பிக்கையின் உயிர்நிலையும். கிறித்துவிடம் தன்னை ஒப்படைப்பவர், மேலிடத்துக்குப் பரிந்துரைக்கும் இடையாள் ஒருவரை நம்பவில்லை. தம்மை மன்னிப்பவர் கடவுளே என்று நம்புகிறார். படைப்பு எதுவும் அந்த உறுதியைத் தர இயலாது.

எனவே, நிசேயாவின் அறிக்கைப்படி கிறித்தவம் மெய்யாகவே ஒரு கடவுளை வணங்கும் சமயம். ஆனால் அறிக்கையைக் காப்பது மட்டும் போதாது; போதனையும் அதற்கு இசைய வேண்டும். சினம் கொண்ட தந்தையை இரக்கமுள்ள மகன் சமாதானப்படுத்தினார் என்று போதிக்கப்படும்போதெல்லாம் இரண்டு விருப்பங்களும், அவற்றோடு இரண்டு கடவுளரும் நுழைந்துவிடுகின்றனர். சிலுவையில் வெளிப்பட்ட அன்பு தந்தையின் அன்பே எனப் போதிப்பது திருச்சபையின் கடமை. அந்தப் போதனையில்தான் அதன் ஒருகடவுட் கொள்கை நிலைபெறும்.