'கிரே பேரட்' தெரியும்... டிம்னே கிளி தெரியுமா? வாங்கும் முன் இதைப் படிங்க!

தூத்துக்குடி துறைமுகத்தில் வந்திறங்கும் முந்திரிக் கொட்டையில் ஒரு பங்கு, மேற்கு ஆப்பிரிக்காவின் கினி-பிசாவ் நாட்டிலிருந்து வருகிறது. அந்நாட்டுத் தீவுகளில் கூடு வைக்கும் பறவைதான் டிம்னே கிளி.

எப்படி அடையாளம் காண்பது?
ஆப்பிரிக்க சாம்பல் கிளியை விட சற்று சிறியது. நிறம் இன்னும் அடர்த்தி. அதன் வால் பளிச் சிவப்பு. இதன் வால் கருஞ்சிவப்பு. மேல் அலகில் இளஞ்சிவப்பு கலந்திருக்கும். நல்லாவே பேசும். அதுதான் இதுக்கு ஆபத்து!

ஏன் குறைகிறது?
கூண்டுக்காகப் பிடிப்பது, காடு அழிவது ஆகிய இரண்டும்தான் காரணம். காட்டில் பிடித்த கிளிகளின் சர்வதேச வியாபாரத்துக்கு 2016 சைட்ஸ் மாநாடு தடை போட்டது. கினி-பிசாவ் தீவுகளில், முன்பு குஞ்சு பிடித்தவர்களே இப்போது கூடுகளுக்குக் காவல்!

இங்கே வளர்க்கலாமா?
வளர்க்கலாம், ஆனா பதிவு கட்டாயம். 2024 விதிகளின்படி 'பரிவேஷ் 2.0' தளத்தில் பதியணும். குஞ்சு பொரித்தாலும், கைமாறினாலும், இறந்தாலும் தெரிவிக்கணும். விற்பவரிடம் ஆவணம் இல்லைன்னா வாங்காதீங்க.

நம்ம ஊர் பச்சைக்கிளி?
அதைக் கூண்டில் வளர்ப்பதே வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.