சாவ்தான், விஸ்ராம்

நாக்பூருக்கு மாற்றலாகி வந்து ஏழு வருஷம் ஆச்சு. இந்த வருஷம் காலேஜ் சேர்ந்த பையன் என்.சி.சி. எடுத்திருக்கான். ஞாயிற்றுக்கிழமை ஹாலில் "சாவ்தான், விஸ்ராம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பயிற்சி. ஊரிலிருந்து வந்திருந்த அப்பா பேப்பரை மடித்துவிட்டு, "எங்களுக்கு இது கட்டாயம்டா" என்றார்.

1948-ல் ஆரம்பித்தபோது இஷ்டப்பட்டவர்கள் சேர்ந்தால் போதும். 1962-ல் சீனாவிடம் அடி வாங்கிய பிறகுதான், 1963-ல், நாடு முழுக்கக் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டாயமாக்கினார்கள். கட்டளை எல்லாம் ஹிந்தியில். தமிழ்நாட்டில் அது சும்மா போகுமா? 1965 போராட்டம் வந்தது. 1968 ஜனவரி 23-ல், அண்ணா முதல்வராக இருந்தபோது சட்டசபை போட்ட மொழித் தீர்மானம் என்.சி.சி.யின் ஹிந்திக் கட்டளைகளையும் விட்டுவைக்கவில்லை. அந்த வருஷமே நாடு முழுக்கக் கட்டாயமும் போனது. 1969-ல் 37 பல்கலைக்கழகங்களில் என்.எஸ்.எஸ். வந்தது. (நான் பி.காமில் எடுத்தது அதுதான். வெயிலில் பரேடு கிடையாதே!)

"65-ல நீங்க ஊர்வலத்துக்குப் போனீங்களாப்பா?"

"போனேன். காலேஜ் திறந்ததும் பரேடுக்கும் போனேன். அட்டெண்டன்ஸ் வேணுமே."

பையன் நிமிர்ந்து பார்த்தான். "ஊர்வலம் எதுக்குத் தாத்தா?"

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். "முதல்ல குதிகாலைச் சேர்த்து வைடா, சொல்றேன்."