பாதியில் நின்ற படிப்பும் பல்கலைக்கழக வாசலும்

பல்கலைக்கழக அனுமதி என்ற சொல்லைக் கேட்டதும் ஈழத்தமிழர்களாகிய நமக்கு முதலில் நினைவுக்கு வருவது தரப்படுத்தல். அது இயல்பானதே. 1971இல் மருத்துவபீடத்துள் நுழைய, தமிழ்மொழி மூலம் பரீட்சை எழுதியவர் 400க்கு 250 புள்ளிகள் பெறவேண்டியிருந்தது. சிங்களமொழி மூலம் எழுதியவருக்கு 229 போதுமாயிருந்தது. ஒரு தலைமுறையின் கோபம் இந்த 21 புள்ளிகளுக்குள் அடங்கியிருக்கிறது.

ஆனால் அந்தக் கோபத்தோடு சேர்ந்து ஒரு நம்பிக்கையும் நம்மிடம் ஊறிவிட்டது. பல்கலைக்கழக வாசல் பத்தொன்பது வயதில் ஒரேயொரு முறைதான் திறக்கும், அதுவும் புள்ளிகளுக்கு மட்டும்தான் திறக்கும், தவறினால் அவ்வளவுதான் என்பதே அது. பாரிஸ் நகரத்துக் குசினிகளில் கோப்பை கழுவுகிற, மரக்கறி வெட்டுகிற, அடுப்பில் நிற்கிற நம்மிடையே, கம்பஸில் இரண்டு வருடம், மூன்று வருடம் படித்துவிட்டு வந்தவர்கள் கொஞ்சப் பேரல்ல. முதுமாணிப் படிப்புக்கு விண்ணப்பிப்பது பற்றிக் கதை வந்தால், “இனி எங்கட பிள்ளையள் படிக்கட்டும்” என்று சொல்லி எழும்பி விடுகிறோம். இந்த நம்பிக்கை சரிதானா என்று வரலாற்றைக் கொஞ்சம் திருப்பிப் பார்ப்பது பயனுள்ளது.

முதலில் நமது ஊரிலிருந்தே தொடங்கலாம். 1823இல் அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரி, வானியலும் கணிதமும் தமிழும் ஆங்கிலமும் கற்பித்த உயர்கல்வி நிலையம். ஆனால் பட்டம் வழங்கும் உரிமை அதற்கு இருக்கவில்லை. 1855இல் அது மூடப்பட்டது. இரண்டு ஆண்டுகளின் பின், 1857இல், சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதன் முதலாவது கலைமாணிப் பரீட்சையில் சித்தியெய்தி முதற் பட்டதாரிகளானவர்கள் இருவர்: கறோல் விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளை. இருவரும் வட்டுக்கோட்டைச் செமினரியில் கற்ற யாழ்ப்பாணத்தவர்கள். நாம் இதைப் பெருமைக்காக மட்டுமே சொல்லி வந்திருக்கிறோம். ஆனால் இதற்குள் வேறொரு செய்தி இருக்கிறது. பட்டம் தர முடியாத, மூடப்பட்டுவிட்ட ஒரு பள்ளியில் பெற்ற கல்வி, கடல் கடந்த இன்னொரு நிறுவனத்தில் செல்லுபடியாகியிருக்கிறது.

அடுத்த ஆண்டு, 1858இல், இலண்டன் பல்கலைக்கழகம் புதிய பட்டயமொன்றைப் பெற்றது. அதன்படி, மருத்துவம் தவிர்ந்த பட்டங்களுக்கு எங்கே படித்தாய் என்று கேட்காமலே எவரையும் பரீட்சைக்கு ஏற்கலாம் என்றாயிற்று. எவரையும் என்றால் ஆண்களை மட்டும்தான். பெண்களுக்கு அந்த வாசல் 1878இல்தான் திறந்தது. இந்த வெளிவாரிப் பட்டமே இலங்கையின் உயர்கல்வியைப் பல காலம் தாங்கி நின்றது. 1921இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரிகூட, 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும்வரை, தன் மாணவரை இலண்டன் பரீட்சைக்கே தயார்ப்படுத்தியது. நமது பாட்டன்மாரின் ஆசிரியர்கள் பலர், கண்ணால் காணாத ஒரு பல்கலைக்கழகத்தின் பட்டதாரிகள்.

வாசலை மூடியது எப்போதும் மற்றவர்கள்தான் என்று சொல்லவும் முடியாது. யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குச் சம ஆசனம் கொடுக்கவேண்டும் என்ற உத்தரவு 1929இல் வந்தபோது, அதை எதிர்த்து நின்றவர்கள் நமது ‘பெரிய மனிதர்கள்’தான். 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீடு யாழ்ப்பாணத்தைப் பாதித்தது உண்மை. மன்னார், வவுனியா, மட்டக்களப்பு போன்ற இடங்களின் தமிழ், முஸ்லிம் மாணவர்களுக்கு அது வழிவிட்டதும் உண்மை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல நமக்கு இன்னமும் நா எழுவதில்லை.

1974இல் வளாகமாகத் தொடங்கி 1979இல் தனிப் பல்கலைக்கழகமான யாழ். பல்கலைக்கழகத்தில் படிப்புக் குழம்பாத தலைமுறை அரிது. 1987 ஒக்டோபரில் இந்திய இராணுவம் வளாகத்துக்குள் இறங்கியது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டதும் குடாநாடு மீண்டும் துண்டிக்கப்பட்டது. நமது வயதுக்காரர் படிப்பை விட்டது இந்தக் கடைசிக் காலத்தில்தான். எங்களிற் சிலர் பெறுபேற்றுத் தாளைக்கூட எடுக்காமல் வந்தோம். அதை எடுக்கத் தகப்பனையோ தங்கச்சியையோ அனுப்புவது ஆபத்தாயிருந்த வருடங்களும் இருந்தன.

இனி நாம் வந்து சேர்ந்த நகரத்தைப் பார்ப்போம். பாரிஸ் பல்கலைக்கழகத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்ட சோர்பொன், 1257இல் றொபேர் டு சோர்பொன் என்ற, எளிய குடும்பத்தில் பிறந்த மதகுரு ஏழை இறையியல் மாணவருக்காக அமைத்த விடுதிதான். இன்று பிரான்சில் முதற்பட்டத்துக்குப் பெயர் லிசான்ஸ். கற்பிப்பதற்கான அனுமதி என்பதே அச்சொல்லின் பழைய பொருள். அந்த அனுமதியைக் காசுக்கு விற்கக்கூடாதென்று 1179இலேயே திருச்சபைச் சங்கம் விதித்தது. விற்கப்பட்டபடியால்தானே விதிக்க வேண்டி வந்தது!

1891இல் இதே நகரத்துக்கு வார்சோவிலிருந்து இருபத்துநான்கு வயதுப் பெண்ணொருத்தி வந்தாள். ரஷ்ய ஆட்சியின் கீழிருந்த அவளது ஊர்ப் பல்கலைக்கழகம் பெண்களைச் சேர்க்கவில்லை. ‘பறக்கும் பல்கலைக்கழகம்’ என்ற, பொலிசுக்குத் தெரியாமல் வீடு மாறி வீடு நடந்த வகுப்புகளில் படித்தவள். வசதியானோர் வீடுகளில் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக்கொடுத்துச் சில வருடங்களைக் கழித்தவள். 1893இல் பௌதிகத்தில் லிசான்ஸ், 1894இல் கணிதத்தில் லிசான்ஸ், 1903இல் கலாநிதிப் பட்டம். அவள்தான் மரி கியூரி. மேதைகளின் கதை எல்லோருக்கும் பொருந்தாது என்பது சரி. ஆனால் இடையில் போன வருடங்களை அவள் வீணான வருடங்களாக எண்ணித் திரும்பிப் போய்விடவில்லை என்பது எல்லோருக்கும் பொருந்தும்.

1968 மே மாதக் கிளர்ச்சியின் பின் பிறந்தது வின்சென் பல்கலைக்கழகம். 1969 ஜனவரியில் திறக்கப்பட்ட அது, உயர்தரச் சான்றிதழ் இல்லாத தொழிலாளரையும் சேர்த்துக்கொண்டது. மாலையிலும் வகுப்பு நடத்தியது. வெளிநாட்டவர் பெருமளவில் வந்தனர். 1980இல் அது சென் டெனிக்கு மாற்றப்பட்டது. நம்மிற் பலர் வேலைக்குப் போய்வரும் 13ஆம் இலக்க மெற்றோவின் கடைசித் தரிப்பிடம் அதன் வாசலில்தான் இருக்கிறது. ஒன்றைமட்டும் சொல்லவேண்டும். மாலை வகுப்பு தொழிலாளிக்கு என்று வகுத்தவர்கள் குசினித் தொழிலாளியை நினைக்கவில்லை. நமக்கு மாலையில்தான் அடுப்பு மூட்டுவார்கள்.

வின்சென் ஒரு பரிசோதனை. பிற்பாடு அதன் எண்ணத்திற் சிறிதளவு சட்டமாகவும் வந்தது. 1985 ஓகஸ்ட் 23ஆந் திகதிய ஆணை, தேவையான பட்டம் இல்லாதவரும் தமது கல்வி, தொழில் அனுபவம், தாமாகத் தேடிய அறிவு என்பவற்றைக் காட்டிப் பல்கலைக்கழகத்தின் ஒரு படிநிலைக்கு அனுமதி கேட்க இடமளித்தது. முதுமாணியும் அதற்குள் அடங்கும். இடையில் நின்ற படிப்பும் கணக்கிலெடுக்கப்படும். விரிவுரையாளர் குழுவொன்று கோவையைப் பார்க்கும். ஏற்கலாம், மறுக்கலாம், சில பாடங்களை மேலதிகமாகப் படிக்கும்படி சொல்லலாம்.

அகதிக்கென்று இரண்டு உடன்படிக்கைகளும் உண்டு. 1951ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையை நாம் விசாவுக்கான தாளாக மட்டும் அறிவோம். அதன் 22ஆம் உறுப்புரை கல்வியைப் பற்றியது. உயர்கல்வி வாய்ப்பு, வெளிநாட்டுச் சான்றிதழ்களை ஏற்றல், கட்டண விலக்கு, புலமைப்பரிசில் ஆகியவற்றில் அகதியை மற்றைய வெளிநாட்டவரிலும் குறைவாக நடத்தக்கூடாது என்கிறது. 1997இன் லிஸ்பன் உடன்படிக்கையின் ஏழாம் பிரிவு இன்னும் ஒருபடி மேலே போகிறது. தாள்களால் நிரூபிக்க முடியாத நிலையிலும் அகதியின் தகுதியை நியாயமாக மதிப்பிட நாடுகள் வழிமுறை அமைக்கவேண்டும் என்பது அதன் சாரம். 2017இலிருந்து ஐரோப்பிய சபை நேர்முகங்களின் மூலம் வழங்கும் அகதிகளுக்கான தகைமைக் கடவுச்சீட்டு இதன் வழியே வந்தது.

இவையெல்லாம் இருந்தும் காரியம் சுலபமல்ல. 2016 டிசம்பர்ச் சட்டத்தின் பின் முதுமாணியின் முதலாம் ஆண்டிலேயே தெரிவு நடக்கிறது. பிரெஞ்சு மொழியில் பொதுவாக பி2 தரம் கேட்கப்படுகிறது. குசினியில் நாம் கற்ற பிரெஞ்சு, கட்டளைக்கு ‘உய்’ சொல்லப் போதும், கட்டுரை எழுதப் போதாது. 2019இல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயான மாணவரின் கட்டணம் லிசான்சுக்கு 2770 ஈரோவாகவும் முதுமாணிக்கு 3770 ஈரோவாகவும் உயர்த்தப்பட்டபோது, அகதி அந்தஸ்து பெற்றோர் விலக்கப்பட்டனர். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு அடுத்த அழைப்புக்குக் காத்திருப்பவருக்கு அந்த விலக்கு இல்லை. ஒரே அறையில் மேல்கட்டிலிலும் கீழ்க்கட்டிலிலும் படுக்கிற இருவரை ஒரு காட் பிரித்து வைக்கிறது.

இருந்தாலும் கோவை ஒன்றைத் தயாரிக்கலாம். படித்த பாடங்கள் எவை, எத்தனை மணித்தியாலம், எந்தப் பரீட்சைகளில் சித்தி என்று ஆண்டுவாரியாக எழுதவேண்டும். கையிலுள்ள தாள்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து மொழிபெயர்க்க வேண்டும். வேலைச் சம்பளத் துண்டுகளையும் சேர்க்கவேண்டும். பத்து வருடம் சரக்கு வாங்கிக் கணக்குப் பார்த்து ஆட்களை நடத்தியதும் தொழில் அனுபவமே. எதைப் படிக்க விரும்புகிறோம், ஏன் என்று ஒரு கடிதம் வேண்டும். இந்தக் கடிதந்தான் கனமானது. ஒப்றாவுக்கு எழுதியபோது நாம் இழந்தவற்றை வரிசைப்படுத்தினோம். இங்கே, இழந்த பின்னும் நம்மிடம் மிஞ்சியிருக்கும் அறிவைச் சொல்லவேண்டும். அப்படி எழுதி நமக்குப் பழக்கமில்லை.

இதைத் தனியாகச் செய்யத் தேவையுமில்லை. ஊரில் ஒரே பிரிவில் படித்தவர்கள் இங்கே பலர் இருக்கிறோம். ஒருவர் மறந்த பாடத்தின் பெயர் இன்னொருவருக்கு ஞாபகமிருக்கும். மொழி கற்றுத் தேறியவர்கள் கடிதத்தைத் திருத்தலாம். ஏற்கெனவே விண்ணப்பித்து மறுக்கப்பட்டவர்களின் கோவைகூடப் பயன்தரும், எந்த இடத்தில் மறுத்தார்கள் என்று அது காட்டும். நம்மிற் பெரும்பாலானோருக்குத் திங்கட்கிழமை கடை பூட்டு. அந்தப் பின்னேரங்களை இதற்கு ஒதுக்குவது பற்றி வாசகர்கள் யோசிக்கலாம்.