தரவுத்தள மாதிரிகளில் செயற்கூறுகள்: ஒரு வரலாறு

வழங்கியில் இயங்கும் நிரல்களில், தரவுத்தளத்தின் ஓர் அட்டவணையைக் குறிக்கும் வகுப்பு ‘மாதிரி’ அல்லது ‘மாடல்’ எனப்படுகிறது. அவ்வகுப்பில் நிரலர் தாமே எழுதிச் சேர்க்கும் செயற்கூறு ‘மெத்தட்’ எனப்படும். நூலகத்தில் இரவல் தந்த புத்தகம் தவணை கடந்துவிட்டதா என்று சொல்லும் விதியை எங்கே எழுதி வைப்பது? இதுவே இவ்வரலாற்றின் மையக் கேள்வி.

இதற்கு இரண்டு வேர்கள் உள்ளன. நார்வேயில் ஓலே-யோஹன் டால், கிறிஸ்டன் நைகார்டு ஆகியோர் உருவாக்கிய சிமுலா 67 மொழி, தரவையும் அதன் மீதான செயலையும் ஒரே வகுப்பில் சேர்த்தது. 1970இல் ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட் முன்வைத்த உறவுசார் மாதிரியோ, தரவை நிரலிலிருந்து பிரித்து அட்டவணைகளாகக் கண்டது. சேர்த்ததையும் பிரித்ததையும் இணைக்க எழுந்தவையே ஓஆர்எம் மென்பொருள்கள்.

2002இல் மார்ட்டின் பவுலர் தம் நூலில் ‘ஆக்டிவ் ரெக்கார்டு’ என்னும் வடிவமைப்பை விளக்கினார். இதில் அட்டவணையின் ஒரு வரிசை ஒரு பொருளாகிறது. அவ்வரிசைக்குரிய விதிகளும் அப்பொருளுக்குள்ளேயே இருக்கும். செயற்கூறு இல்லாமல் தரவை மட்டும் சுமக்கும் மாதிரிகளை 2003இல் அவர் ‘இரத்தசோகை’ பிடித்தவை என்று விமர்சித்தார்.

2004இல் வெளியான ரூபி ஆன் ரெயில்ஸ் இவ்வடிவமைப்பைப் பரவலாக்கியது. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் உருவான ஜாங்கோ, 2005இல் பொதுவெளிக்கு வந்தது. ஒரு வரிசைக்குரிய செயலை மாதிரியிலும், முழு அட்டவணைக்குரிய செயலை ‘மேனேஜர்’ என்னும் வகுப்பிலும் எழுதுவது ஜாங்கோவின் வழக்கம். மாங்கோடிபிக்கான மாங்கூஸில் இதே பிரிவு ‘மெத்தட்ஸ்’, ‘ஸ்டாட்டிக்ஸ்’ என்ற பெயர்களில் உள்ளது.

இதனால் ஒரே விதியைப் பல பக்கங்களில் திரும்ப எழுதும் தேவை நீங்கியது. விதி மாறினால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். ஆனால் இக்காவலுக்கு ஓர் எல்லை உண்டு. ஜாங்கோவில் பல வரிசைகளை ஒருசேர மாற்றும் ‘அப்டேட்’ கட்டளை, நிரலர் எழுதிய ‘சேவ்’ செயற்கூறை அழைப்பதில்லை. ரெயில்ஸின் ‘அப்டேட் ஆல்’ கட்டளையும் மாதிரியின் சரிபார்ப்புகளைத் தாண்டியே செல்கிறது. செயற்கூறை மட்டும் நம்பினால், பிழையான தரவு ஓசையின்றி நுழைந்துவிடும்.

எனவே மீறப்படவே கூடாத விதிகளைத் தரவுத்தளத்திலும் கட்டுப்பாடாக எழுதுவது பாதுகாப்பானது. 2019இல் வந்த ஜாங்கோ 2.2, இத்தகைய சரிபார்ப்புக் கட்டுப்பாடுகளை மாதிரியிலேயே அறிவிக்க வழி செய்தது. அறிவிப்பது மாதிரி, காப்பது தரவுத்தளம் என, பிரிந்து நின்ற இரு வேர்களும் இங்கே ஒன்றுக்கொன்று துணையாகின்றன.