பறக்கும் தட்டு ஆராய்ச்சிக்கு யார் காசு கொடுத்தாங்க?

ஒரு மருந்து பற்றிய ஆய்வுக் கட்டுரை கைக்கு வந்தால், டாக்டர்களில் பலர் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் புரட்டுவோம். 'இந்த ஆய்வுக்கு நிதி அளித்தவர்' என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். முடிவைப் படிக்கிறதுக்கு முன்னாடி காசு எங்கிருந்து வந்துச்சுன்னு பாருங்கன்னு எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க.

இன்னைக்கு அதே கண்ணோட அமெரிக்காவின் பறக்கும் தட்டு ஆராய்ச்சியைப் பார்ப்போம். வேற்றுக்கிரகவாசி இருக்காங்களா இல்லையா என்பது இந்த த்ரெட்டின் கேள்வி இல்லை. அரசாங்கம் கைகழுவிய ஓர் ஆராய்ச்சிக்குப் பணம் யார் கொடுத்தாங்க, அந்தப் பணம் எதை வாங்கித் தந்தது, அவ்வளவுதான். கொஞ்சம் நீளம். டீ எடுத்துட்டு வந்துடுங்க.

1947 ஜூன் 24. கென்னத் அர்னால்ட் என்ற விமானி, வாஷிங்டன் மாநில மலைகளுக்கு மேலே ஒன்பது பொருட்கள் பாய்ந்து போவதைப் பார்த்ததாகச் சொன்னார். பத்திரிகைகள் 'பறக்கும் தட்டு' என்று பெயர் வைத்தன. அமெரிக்க விமானப்படை உடனே விசாரணையில் இறங்கியது. கடைசியாக 'ப்ராஜெக்ட் ப்ளூ புக்' என்ற பெயரில் நடந்த அந்த வேலை, 1969 டிசம்பரில் மூடப்பட்டபோது கணக்கு இது: 12,618 புகார்கள், அதில் 701 மட்டும் 'அடையாளம் தெரியவில்லை'.

விமானப்படையை நம்பாதவர்கள் அதற்கு முன்பே தனிக் கடை போட்டுவிட்டார்கள். 1956-ல் வாஷிங்டனில் தொடங்கிய நிக்காப் அதில் முக்கியமானது. அதைத் தொடங்கியவரே பணப் பிரச்சினையில் சில மாதங்களில் வெளியேற வேண்டியிருந்தது. பிறகு வந்தவர் டொனால்ட் கீஹோ, ஓய்வுபெற்ற மரைன் மேஜர். சி.ஐ.ஏ-வின் முன்னாள் தலைவர் ஹில்லன்கோட்டரையே நிர்வாகக் குழுவில் உட்கார வைத்தார் மனுஷன். இந்தப் பெயரை நினைவில் வச்சுக்கோங்க, திரும்ப வரும்.

நிக்காப்பின் வருமானம் உறுப்பினர் சந்தா. வானத்தில் ஏதோ தெரிஞ்சதுன்னு பேப்பரில் செய்தி வந்தால் உறுப்பினர் கூடும், செய்தி ஓய்ந்தால் குறையும். டெங்கு சீசனில் மட்டும் கூட்டம் வழியும் ஃபீவர் கிளினிக் மாதிரி. 1964-ல் தேர்ந்தெடுத்த 746 சம்பவங்களைத் தொகுத்து ஒரு பெரிய புத்தகம் போட்டு, அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர்களுக்கும் அனுப்பினார்கள். கோரிக்கை ஒன்றுதான்: சுதந்திரமான விஞ்ஞானிகளை வைத்து விசாரியுங்கள்.

கேட்டது கிடைத்தது. 1966-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் கான்டன் தலைமையில் ஆய்வு தொடங்கியது. 1969 ஜனவரியில் வந்த அறிக்கை, இதில் மேற்கொண்டு ஆராய விஞ்ஞானத்துக்கு உருப்படியாக எதுவும் இல்லை என்றது. ஆய்வு ஒருதலைப்பட்சமானது என்று நிக்காப் பாதியிலேயே விலகியிருந்தது. ஆனாலும் அடி விழுந்தது விழுந்ததுதான். உறுப்பினர்கள் கழன்றுகொண்டார்கள், அதே வருடக் கடைசியில் கீஹோவும் வெளியேற்றப்பட்டார்.

இந்த இடத்தில்தான் நம்ம கதாநாயகன் வருகிறார். ஆள் இல்லை, ஒரு நிதி. 1979-ல் வாஷிங்டன் வட்டாரத்தில் தொடங்கிய 'ஃபண்ட் ஃபார் யூஎஃப்ஓ ரிசர்ச்'. தலைவர் புரூஸ் மக்கபி, அமெரிக்கக் கடற்படையில் வேலை பார்த்த ஒளியியல் இயற்பியலாளர். தகவல் அறியும் சட்டத்தில் விண்ணப்பித்து, எஃப்.பி.ஐ வைத்திருந்த பறக்கும் தட்டு கோப்புகளை வெளியே கொண்டுவந்தவர்.

மற்ற அமைப்புகளிலிருந்து இது எங்கே வேறுபடுதுன்னு பாருங்க. வானத்தைப் பார்க்கும் தொண்டர் படை இதன் மையம் இல்லை. பொதுமக்களிடம் நன்கொடை வாங்குவது, ஆய்வு செய்ய விரும்புகிறவருக்கு மானியம் கொடுப்பது, வரும் அறிக்கையை அச்சிட்டு விற்பது. லாப நோக்கமற்ற அமைப்பு, வரிவிலக்கு உண்டு. புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டும் அறக்கட்டளை எப்படி நடக்குமோ அதே அமைப்பு. ஒரே வித்தியாசம், அங்கே நோய் இருப்பது உறுதி.

இந்த நிதி கொடுத்த மானியங்களில் பிரபலமானது 16,000 டாலர். எதுக்குன்னு கேளுங்க.

1984 டிசம்பரில் ஜேமி ஷாண்டெரா என்ற டிவி தயாரிப்பாளருக்குத் தபாலில் ஒரு ஃபிலிம் ரோல் வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. கழுவிப் பார்த்தால், 1952 நவம்பர் 18 தேதியிட்ட 'அதி ரகசிய' ஆவணம். ஜனாதிபதியாகப் பதவியேற்கப் போகும் ஐசனோவருக்கு விளக்கக் குறிப்பாம். 1947-ல் விண்கலம் விழுந்தது, உடல்கள் கிடைத்தன, விசாரிக்க 'மெஜஸ்டிக் 12' என்று பன்னிரண்டு பேர் குழு. பட்டியலில் முதல் பெயர், நம்ம ஹில்லன்கோட்டர். உடல்களைப் பரிசோதித்தவராகச் சொல்லப்பட்டவர் டெட்லெவ் ப்ரான்க், நிஜமான பெரிய உடலியல் விஞ்ஞானி. இன்னொருவர் டொனால்ட் மென்ஸல், பறக்கும் தட்டெல்லாம் சும்மா என்று புத்தகம் எழுதிய ஹார்வர்ட் வானியலாளர்!

இந்த ஆவணம் உண்மையா என்று ஆராயத்தான் ஸ்டான்டன் ஃப்ரீட்மன் என்ற அணு இயற்பியலாளருக்கு அந்த 16,000 டாலர். அவர் ஆவணக் காப்பகங்களாக ஏறி இறங்கினார். மென்ஸலுக்கு அரசின் ரகசியப் பணிகளோடு நெருங்கிய தொடர்பு இருந்ததைக் கண்டுபிடித்தார். அது உருப்படியான வேலை. ஆவணங்களைப் போலி என்று சொல்லிவந்த ஃபிலிப் கிளாஸ், ஒரு கடிதத்தின் தட்டச்சு எழுத்தை வைத்துச் சவால் விட்டார். அதே எழுத்தளவில் அதே அலுவலகக் கடிதம் இன்னொன்று காட்டு, ஒன்றுக்கு 100 டாலர் தருகிறேன் என்று. ஃப்ரீட்மன் அள்ளிக்கொண்டு வந்து போட, கிளாஸ் 1,000 டாலர் கட்ட வேண்டியதாயிற்று. நிதி கொடுத்த மானியத்தை விட இந்தக் காசு அவருக்கு இனித்திருக்கும்.

ஆனால் பெரிய ஓட்டை அப்படியேதான் இருந்தது. ஆவணத்தில் இருந்த ட்ரூமன் கையெழுத்து, 1947 அக்டோபர் 1 அன்று அவர் எழுதிய ஓர் உண்மையான கடிதத்தின் கையெழுத்தோடு அச்சு அசலாகப் பொருந்தியது. எந்த மனிதனும் இரண்டு முறை ஒரே மாதிரி கையெழுத்துப் போட மாட்டான். எஃப்.பி.ஐ விசாரித்துத் தன் பிரதியின் மேல் 'போலி' என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்தது. ஃப்ரீட்மன் 1990-ல் கொடுத்த அறிக்கை? முக்கிய ஆவணங்கள் உண்மை என்பதுதான்.

'நம்புறவன் காசு, நம்புறவன் ஆய்வு, வேற என்ன முடிவு வரும்'னு இப்ப உங்களுக்குத் தோணும். எனக்கும் அப்படித்தான் தோணியிருக்கும், அடுத்த சம்பவம் மட்டும் இல்லைன்னா.

ராஸ்வெல். 1947 ஜூலையில் நியூ மெக்சிகோவில் ஒரு பண்ணையில் கிடைத்த குப்பைகள். ராணுவம் முதலில் பறக்கும் தட்டு என்று அறிக்கை விட்டு, உடனே வானிலை பலூன் என்று மாற்றிக்கொண்டது. முப்பது வருடம் யாரும் கண்டுகொள்ளவில்லை. 1978-ல் இதே ஃப்ரீட்மன் பழைய ராணுவ அதிகாரி ஒருவரைச் சந்தித்த பிறகுதான் கதை உயிர் பெற்றது. சாட்சிகளைத் தேடிப் பேட்டி எடுக்கும் வேலைக்கு இந்த நிதியும் பணம் கொடுத்தது.

டாக்டரா ஒண்ணு சொல்றேன். போன மாசம் சாப்பிட்ட மாத்திரை என்ன கலர்னு கேட்டா நோயாளி யோசிப்பார். 'வெள்ளை மாத்திரைதானே?'ன்னு கேட்டா உடனே ஆமாம்பார். இங்கே நாற்பது வருடம் கழித்து, புத்தகமும் டிவியும் பார்த்த பிறகு கேட்கிறார்கள்.

கார்ல் ப்ளாக் என்று ஒருவர். முன்னாள் சி.ஐ.ஏ ஊழியர், ரேகன் காலத்தில் பாதுகாப்புத் துறையில் பதவி வகித்தவர். பறக்கும் தட்டில் நம்பிக்கை உள்ளவர். ராஸ்வெல்லைத் தோண்டி அவர் எழுதிய அறிக்கையை 1994-ல் வெளியிட்டது இதே நிதிதான். அதில் என்ன சொன்னார் தெரியுமா? பண்ணையில் கிடந்தது பெரும்பாலும் 'ப்ராஜெக்ட் மொகல்' பலூன் என்று.

மொகல் என்பது அன்று நிஜமாகவே ரகசியம். சோவியத் அணுகுண்டு சோதனையின் ஒலியலைகளை உயரத்தில் வைத்துப் பிடிக்க, பலூன்களைச் சரமாகக் கட்டி மைக்ரோஃபோனோடு பறக்கவிட்டார்கள். நியூயார்க் பல்கலைக்கழகக் குழு அதை அலமகோர்டோவிலிருந்து அனுப்பியது. ரேடார் பிரதிபலிப்பான்களில் பால்சா மரக் குச்சி, அலுமினியத் தாள், பூ டிசைன் போட்ட டேப். சாட்சிகள் சொன்ன 'புரியாத எழுத்து' அந்தப் பூ டிசைன்தான் என்பது விளக்கம். விமானப்படையும் அதே 1994-ல் மொகலைத்தான் சொன்னது.

நன்கொடை கொடுத்தவர்களில் எத்தனை பேர் இதைப் படிக்க ஆசைப்பட்டிருப்பாங்க? மருந்துக் கம்பெனிகள் தோற்றுப்போன ஆய்வை டிராயரில் பூட்டி வைத்த கதைகள் எங்கள் துறையில் எத்தனையோ. இவங்க அச்சடிச்சு வெளியிட்டாங்க. இந்த வரலாற்றிலேயே என் மரியாதை அதிகமாகப் போவது இந்த ஒரு காரியத்துக்குத்தான்.

1990-களில் பெரிய கைகள் வந்தன. இந்த நிதி, வானியலாளர் ஹைனெக் தொடங்கிய கஃபோஸ், தொண்டர் பலம் அதிகமுள்ள முஃபான் மூன்றும் கூட்டணி சேர்ந்தன. லாஸ் வேகஸ் தொழிலதிபர் ராபர்ட் பிகிலோ அதற்குப் பணம் தந்தார். அது நீடிக்கவில்லை. 1995-ல் அவர் சொந்தமாகவே ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கிவிட்டார். பணக்காரர் ராக்கஃபெல்லர் குடும்பத்து லாரன்ஸ், முக்கியப் புள்ளிகளுக்குக் கொடுக்க ஓர் ஆதாரத் தொகுப்பு தயாரிக்க நிதி அளித்தார். மூன்று அமைப்புகளின் தலைவர்களும் அதற்கு ஒப்புதல் தந்தார்கள். 1997-ல் அவர் ஆதரவில் நியூயார்க் அருகே பொகான்டிகோவில் விஞ்ஞானிகள் கூடினார்கள். வேற்றுக்கிரக அறிவுக்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை, ஆனால் தடயம் உள்ள சம்பவங்களை ஆராயலாம் என்றார்கள். எனக்கு அது நியாயமான கருத்தாகத்தான் படுகிறது.

ப்ளாக் கதையில் ஒரு பாக்கி இருக்கு. 1994 அறிக்கையில் அவர் ஒரு சாட்சியை மட்டும் நம்பினார். கிளென் டென்னிஸ், ராஸ்வெல்லில் பிணங்களைப் பதப்படுத்தும் வேலை பார்த்தவர். ராணுவத் தளத்திலிருந்து சின்ன சைஸ் சவப்பெட்டி கேட்டு ஃபோன் வந்ததாகவும், அங்கே இருந்த ஒரு நர்ஸ் விசித்திர உடல்களின் பிரேதப் பரிசோதனையைப் பார்த்துவிட்டுத் தன்னிடம் சொன்னதாகவும் சொன்னவர். நர்ஸ் பெயரைத் தேடினார்கள், அப்படி யாரும் இல்லை. கேட்டபோது, நான் கொடுத்தது நிஜப் பெயர் இல்லை என்றார். 2001-ல் எழுதிய புத்தகத்தில் ப்ளாக் அந்தச் சாட்சியத்தையும் கைவிட்டார்.

அதற்குள் டென்னிஸ், 1947-ல் அந்தப் 'பறக்கும் தட்டு' அறிக்கையைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்த வால்டர் ஹாட்டோடு சேர்ந்து ராஸ்வெல்லில் ஓர் அருங்காட்சியகம் தொடங்கியிருந்தார். அதுவும் லாப நோக்கமற்ற அமைப்புதான். வருகிறவர்கள் கூட்டமாக நின்று படம் எடுக்கும் காட்சி ஒன்று அங்கே உண்டு: ஆஸ்பத்திரிப் படுக்கையில் ஒரு வேற்றுக்கிரகவாசியின் உடல். 1994-ல் வந்த 'ராஸ்வெல்' டிவி படத்துக்காகச் செய்த பொம்மை அது.