கல்வெட்டு அச்சிடப்படாதவர்கள்: குடும்ப நினைவுகளை ஆவணமாக்கல்

யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களில் ஒருவர் இறந்து 31ஆம் நாள் நடக்கும் அந்தியேட்டியன்று சிறிய புத்தகமொன்றை அச்சிட்டு, வந்தவர்களுக்குக் கொடுப்பது நீண்டகால வழக்கம். ‘கல்வெட்டு’ என்றும் ‘நினைவு மலர்’ என்றும் அதைச் சொல்வார்கள். இறந்தவரின் படம், பிறந்த ஊர், பெற்றோர், படித்த பாடசாலை, பார்த்த தொழில், திருமணம், பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என எல்லாம் அதில் இருக்கும். இறந்த திதியை வெண்பாவாகப் பாடிச் சேர்ப்பதுண்டு. சிலவற்றில் நான்கைந்து தலைமுறை வம்சாவளியும் இருக்கும். பல வீடுகளில் எழுத்தில் உள்ள ஒரே குடும்ப வரலாறு இதுதான்.

போர் இந்த வழக்கத்தையும் குலைத்தது. 1995 ஒக்டோபர் 30 இல் தொடங்கிய வலிகாம இடப்பெயர்வின்போது வழியில் இறந்தவர்களுக்கும், 2009 இல் முள்ளிவாய்க்காலில் பங்கருக்கு அருகிலேயே புதைக்கப்பட்டவர்களுக்கும் கல்வெட்டு எழுத அவகாசமும் இருக்கவில்லை, அச்சகமும் இருக்கவில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் நிலை இன்னும் கடினமானது. இறந்த நாளே இல்லாத ஒருவருக்கு எந்தத் திதியை வைத்துக் கல்வெட்டு எழுதுவது?

2009 இல் பிறந்த பிள்ளைகளுக்கு அந்தக் காலம் பெரியவர்கள் சொல்லும் கதை மட்டுமே. சொல்ல வேண்டியவர்களோ ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்களது போராட்டத்தில் இருந்த பெற்றோர் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். அவர்களுடன் அவர்கள் தேடிய பிள்ளைகளைப் பற்றிய நினைவுகளும் போய்விடுகின்றன. கல்வெட்டு கிடைக்காமல் போனவர்களின் வரலாற்றை வீட்டிலிருப்பவர்கள் இப்போதே எழுதிவைப்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் விடயம்.

பழைய வடிவம், விடுபட்ட மனிதர்கள்

எப்படித் தொடங்குவதென்று தெரியாதவர்கள் கல்வெட்டின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளலாம். பெயர், பெற்றோர், ஊர், கல்வி, தொழில், உறவுகள் என்ற அதன் ஒழுங்கு எங்களுக்கு ஏற்கெனவே பழகியது. ஆனால், அதன் குறைகளையும் அறிந்திருக்க வேண்டும். அச்சுச் செலவைத் தாங்கக்கூடிய குடும்பங்களே பெரும்பாலும் கல்வெட்டு வெளியிட்டன. பெண்கள் அதில் மகளாக, மனைவியாக, தாயாக மட்டும் வந்துபோவார்கள். தோட்டம் செய்ததையோ, தையல் மெஷினில் குடும்பத்தைத் தாங்கியதையோ, இடம்பெயர்ந்த ஒவ்வோர் இடத்திலும் புதிதாக அடுப்பு மூட்டியதையோ அது சொல்வதில்லை. நாங்கள் எழுதும்போது இவற்றைச் சேர்க்கலாம்.

எல்லாக் குடும்பத்துக்கும் கல்வெட்டு வழக்கம் பொருந்தாது. மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பமொன்றுக்குப் பங்குக் கோவிலின் ஞானஸ்நான, விவாகப் பதிவேடுகளே தொடக்கப் புள்ளி. 1977 வன்முறைக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பத்தின் வரலாறு தேயிலைத் தோட்டத்தில் தொடங்கும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பத்துக்குப் புத்தளமும் அந்த வரலாற்றின் ஒரு பகுதியாக இருக்கலாம்.

பேச வைத்தல்

வீட்டில் வயதில் மூத்தவரிடமிருந்து தொடங்குங்கள். கைபேசியில் உள்ள ஒலிப்பதிவு வசதி போதும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, கைபேசியை அவருக்கு அருகில் வைத்து, முதலில் நாளையும் இடத்தையும் பேசுபவரின் பெயரையும் சொல்லிப் பதியுங்கள். ஒருமுறைக்கு முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம்.

“எந்த ஆண்டு?” என்று கேட்டால் பலருக்கு நினைவு வராது. “இந்திய இராணுவம் வந்தபோது எங்கே இருந்தீர்கள்?”, “சுனாமிக்கு முன்னமோ பின்னமோ?”, “கடைசித் தம்பி அப்போது நடக்கத் தொடங்கிவிட்டானா?” என்று கேட்டால் காலம் தானாகப் பிடிபடும். இந்தியப் படை 1987 இல் வந்தது, சுனாமி 2004 டிசெம்பர் 26 இல் வந்தது என்பதை வைத்து நீங்கள் ஆண்டைக் கணித்துக்கொள்ளலாம்.

இடம்பெயர்ந்த பாதையை ஒரு தாளில் வரைந்து, ஒவ்வோர் ஊரிலும் எத்தனை மாதம், யாருடைய வீட்டில், யார் யார் கூட இருந்தார்கள் என்று கேளுங்கள். ஆனால், செல் விழுந்த கதையை மட்டும் கேட்டு நிறுத்த வேண்டாம். அம்மம்மா படித்த பள்ளிக்கூடம், கோயில் திருவிழா, வீட்டுக் கிணற்றடி, ஒடியற்கூழ் காய்ச்சிய விதம், கோபம் வந்தால் அப்பப்பா சொல்லும் சொல் எல்லாமே வரலாறுதான். பேசுபவர் கலங்கினால் பதிவை நிறுத்துங்கள். அவர் சொல்ல விரும்பாததைத் தோண்டியெடுக்கும் உரிமை பிள்ளைக்கும் கிடையாது.

பையில் மிஞ்சியவை

ஓடும்போது பலர் கையில் எடுத்தது ஒரு பொலித்தீன் பைதான். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, ஒன்றிரண்டு படங்கள். அன்று மழையிலிருந்து காத்த அதே பை இன்று உள்ளே ஈரத்தைப் பிடித்துவைத்துப் பூஞ்சணம் பிடிக்கச் செய்யும். தாள்களைக் காகித உறைகளில் மாற்றி, நிலத்திலும் சுவரிலும் படாதபடி உயரத்தில், சமையலறைக்குத் தூரமாக வையுங்கள்.

மூலப் பத்திரங்களை லமினேற் செய்ய வேண்டாம். ஒருமுறை ஒட்டினால் தாள் கிழியாமல் அதைப் பிரிக்க முடியாது. ஒன்றோடொன்று ஒட்டிய படங்களை இழுத்துப் பிரிக்காமல், ஒட்டியபடியே முதலில் படமெடுங்கள். படத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் மெதுவாகப் பெயர்களை இடமிருந்து வலமாக எழுதுங்கள். பேனை மை மறுபக்கத்துக்கு ஊறக்கூடும். யாரென்று சொல்ல ஆளில்லாத படம் அடுத்த தலைமுறைக்கு அந்நியரின் படமே.

ஸ்கான் செய்யும்போது பத்திரங்களுக்கு 300 டிபிஐ, சிறிய படங்களுக்கு 600 டிபிஐ வைக்கலாம். கைபேசி என்றால் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். கல்யாண வீட்டு வீடியோ நாடாவும் ஒலிநாடாக்களும் இருந்தால் அவற்றை முதலில் மாற்றுங்கள். நாடாவும் பழுதாகிறது, அதைப் போட்டுப் பார்க்கும் கருவிகளும் அருகிவிட்டன.

தொலைந்தவற்றைத் தேடுதல்

எரிந்துபோன பத்திரங்கள் எல்லாமே நிரந்தரமாகப் போய்விட்டன என்றில்லை. பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகளின் பிரதிக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். நொத்தாரிசு முன்னிலையில் எழுதிய உறுதியின் ஒரு படி காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்பட்டிருக்கும். அங்கும் தேடலாம். பாடசாலைச் சேர்வு இடாப்பில் பிறந்த திகதியும் தகப்பன் பெயரும் இருக்கும். சில பதிவேடுகள் போரில் அழிந்திருக்கலாம். அப்படியானால் வெளிநாட்டிலுள்ள உறவினரிடம் கேளுங்கள். 1980களில் விமானத்தபாலில் போன கடிதங்களும் படங்களும் இங்கே அழிந்தாலும் அங்கே ஒரு லாச்சியில் இருக்கக்கூடும்.

திதி இல்லாதவர்கள்

காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் குடும்பத்திடம் தடித்த கோவை ஒன்று இருக்கும். பொலிஸ் முறைப்பாடு, சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் பதிவு, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் கடிதம், பரணகம ஆணைக்குழுவில் சாட்சியமளித்த அழைப்பு, 2016 ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான காணாமல்போனோர் அலுவலகத்தின் கடிதம். இவற்றைத் திகதி வரிசையில் அடுக்கி, முன்பக்கத்தில் எப்போது, எங்கே, யாரிடம் முறையிட்டோம் என்று ஒரு பட்டியல் எழுதி வையுங்கள். தாய்க்குப் பிறகு அந்தக் கோவையை எடுத்துச் செல்லப்போகிறவருக்கு அதுவே வழிகாட்டி. மூலப்பிரதியை எவரிடமும் கையளிக்காமல் போட்டோப்பிரதியைக் கொடுங்கள்.

ஆனால், அந்தக் கோவை முழுக்க ஒரே கேள்விக்கான பதில்தான் இருக்கும்: அவர் எப்படிக் காணாமற் போனார்? அவர் எப்படி வாழ்ந்தார் என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை. என்ன சாப்பாடு பிடிக்கும், எந்தச் சைக்கிளை வைத்திருந்தார், யாருடன் விளையாடினார், என்ன பாட்டுப் பாடுவார் என்பதைத் தனியாக எழுதி அந்தக் கோவையோடு வையுங்கள். தகப்பனைக் கண்டிராத பிள்ளைக்கு வேண்டியது இந்தப் பக்கம்தான். இறந்த திகதிக்குரிய இடத்தில், கடைசியாகக் கண்ட நாளையும் இடத்தையும் எழுதுங்கள். அதற்கு மேல் எதையும் ஊகித்து எழுத வேண்டியதில்லை.

பிரதியும் பாதுகாப்பும்

1981 மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாதவை திரும்பி வரவேயில்லை. எனவே குறைந்தது மூன்று பிரதிகள் வேண்டும்: ஒன்று வீட்டில், ஒன்று ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று வேறு ஊரில் அல்லது வெளிநாட்டில் உள்ள உறவினரிடம். பேஸ்புக்கில் போடுவது பாதுகாப்பல்ல. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும், ‘டொக்கியுமென்ட்’ ஆக அனுப்புங்கள். கோப்புக்கு ஆண்டு, ஊர், பெயர் என்ற ஒழுங்கில் பெயரிடுங்கள்.

எல்லாவற்றையும் பகிரங்கப்படுத்த வேண்டியதில்லை. சீருடைப் படங்கள் ஆபத்தாகலாம் என்ற பயத்தில் பல குடும்பங்கள் அவற்றை எரித்தன, புதைத்தன. 1979 இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நிழலில் வாழ்ந்தவர்களுக்கு அந்தப் பயத்தின் காரணம் தெரியும். உயிரோடிருப்பவரின் பெயரோ முகமோ உள்ள எதையும் அவருடைய சம்மதமின்றி வெளியிட வேண்டாம். குடும்பத்துக்குள் வைப்பவை, வெளியில் கொடுக்கக்கூடியவை என இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அச்சான கல்வெட்டு, நினைவு மலர், பழைய ஊர்ச் சஞ்சிகை போன்றவற்றை, 2005 முதல் ஈழத்து எழுத்துகளை இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்துக்குக் கொடுக்கலாம்.

அழகான புத்தகமாக்குவதைப் பிறகு பார்க்கலாம். ஒரு சி.ஆர். கொப்பியும் பென்சிலும் கைபேசியும் இருந்தால் இந்த வார இறுதியிலேயே தொடங்கலாம். முதல் பக்கத்தில், கல்வெட்டு அச்சிடப்படாத ஒருவரின் முழுப்பெயரையும் அவருடைய தாய் தகப்பன் பெயர்களையும் ஊரையும் எழுதுங்கள்.